மீட்டெடுப்பும் ஒரு பதிப்பே: 'சஸ்பீரியா'வின் வட்டை முன்வைத்து

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட எழுத்து வடிவம்)



இன்று நான் பேசவிருப்பது ஓர் இத்தாலியத் திகில் படத்தைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தப் படம் வெளிவந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, வீட்டில் பார்ப்பதற்கென்று மீட்டெடுத்து வெளியிட்ட வட்டைப் பற்றி. தாரியோ அர்ஜெந்தோ இயக்கிய 'சஸ்பீரியா' 1977 பிப்ரவரி 1 அன்று இத்தாலியில் திரைக்கு வந்தது. அமெரிக்காவின் சினாப்ஸ் ஃபிலிம்ஸ் நிறுவனம் அதன் மூல நெகட்டிவிலிருந்து 4K மீட்டெடுப்பைச் செய்து, 2017 டிசம்பரில் ப்ளூ-ரே வட்டாக வெளியிட்டது. 2019இல் 4K வட்டும் வந்தது. படத்தின் ஒளிப்பதிவாளர் லுச்சானோ தோவோலியே நிறத்தை மேற்பார்வையிட்டு ஒப்புதல் தந்தார்.

இந்த உரையின் மையக் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய படம் ஒன்றை மீட்டெடுப்பவர் வெறுமனே தூசு தட்டுவதில்லை. பல சான்றுகளை ஒப்புநோக்கி, ஒன்றைக் கொண்டு, ஒன்றைத் தள்ளி, ஒரு பாடத்தை நிறுவுகிறார். ஆகவே மீட்டெடுத்த வட்டை ஒரு பதிப்பாகக் கருதிப் படிக்கவேண்டும். பதிப்பாசிரியரிடம் கேட்கும் கேள்விகளையெல்லாம் அதனிடமும் கேட்கவேண்டும். "படம் பளிச்சென்று இருக்கிறதா?" என்பது அவற்றில் கடைசிக் கேள்வி.

இதற்கு 'சஸ்பீரியா'வை ஏன் எடுத்துக்கொண்டேன்? அர்ஜெந்தோவின் படங்கள் பெரும்பாலும் ஒரே முடிச்சின்மேல் கட்டப்பட்டவை. தொடக்கத்தில் ஒருவர் எதையோ அரைகுறையாகப் பார்க்கிறார் அல்லது கேட்கிறார். அதைச் சரியாக நினைவுக்குக் கொண்டுவரும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. அவருடைய முதல் படமான 'தி பேர்ட் வித் தி கிறிஸ்டல் ப்ளூமேஜ்' (1970) படத்தில், கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட எழுத்தாளன் ஓர் ஓவியக்கூடத்தில் நடக்கும் தாக்குதலைப் பார்க்கிறான்; பார்த்ததைத் தவறாகப் புரிந்துகொள்கிறான். 'டீப் ரெட்' (1975) படத்தில் ஓர் இசைக்கலைஞன் கொலை நடந்த வீட்டில் எதையோ பார்த்தும் பாராதவனாகிறான். 'சஸ்பீரியா'வில் ஒரு பெண் இடியோசைக்கு நடுவே இரண்டொரு சொற்களை மட்டும் கேட்கிறாள். இத்தகைய படங்களில் நிறமும் ஒலியும் கூர்மையும் கதையின் சாட்சியங்கள். பிரதி கெட்டால் சாட்சியமும் கெடும். அதனால்தான் மீட்டெடுப்பு என்னும் பணியைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான உரைகல் எனக்குக் கிடைக்கவில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சூசி பேனியன் என்ற அமெரிக்க மாணவி, ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்து நடனப் பள்ளியில் சேர மழைநாள் இரவில் வந்து இறங்குகிறாள். அவள் வாசலை அடையும் நேரத்தில் வேறொரு மாணவி அலறியபடி வெளியே ஓடுகிறாள், அன்றிரவே கொல்லப்படுகிறாள். பள்ளியை நடத்துவோர் சூனியக்காரிகள் என்பதை நோக்கிக் கதை நகர்கிறது. அர்ஜெந்தோவும் தாரியா நிக்கோலோடியும் சேர்ந்து எழுதிய கதை இது. சூசியாக ஜெசிகா ஹார்ப்பர் நடித்தார். ஹாலிவுட்டின் ஜோன் பென்னட்டும் இத்தாலியின் அலிடா வல்லியும் பள்ளியை நடத்தும் பெண்களாக வந்தார்கள்.

இனி என் கருத்தை ஆறு கூறுகளாக வைக்கிறேன்.

1. மூலம் எது?

"மூல நெகட்டிவிலிருந்து மீட்டெடுத்தது" என்று வட்டின் அட்டையில் அச்சிட்டிருந்தால் நாம் நிம்மதி அடைந்துவிடுகிறோம். கேமராவுக்குள் ஓடிய அதே சுருள். அதைவிட மேலான சான்று வேறென்ன இருக்கமுடியும்? ஆனால் அந்த நெகட்டிவைத் திரையரங்கில் யாரும் பார்த்ததில்லை. மக்கள் பார்த்தது அதிலிருந்து எடுத்த பிரிண்ட். 'சஸ்பீரியா'வைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு மிகப் பெரியது.

அதன் பிரிண்டுகள் ரோமில் இருந்த டெக்னிகலர் கூடத்தில், சாயமேற்று முறையில் அச்சிடப்பட்டவை. அந்த முறையில், வண்ண நெகட்டிவிலிருந்து சிவப்பு, பச்சை, நீலக் கூறுகளைத் தனித்தனியே பிரித்து, மூன்று ஜெலட்டின் சுருள்களில் மேடுபள்ளமாகப் பதிக்கிறார்கள். ஜெலட்டின் தடித்த இடம் அதிகச் சாயத்தை உறிஞ்சும். மெலிந்த இடம் குறைவாக உறிஞ்சும். மயில்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள் ஆகிய சாயங்களில் தோய்ந்த அந்த மூன்று சுருள்களும் வெற்றுச் சுருள் ஒன்றின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தப்படும். சேலையில் அச்சுக்கட்டையை நிறத்துக்கொன்றாக ஒற்றி எடுப்பது போன்ற வேலை அது. ஒவ்வொரு நிறத்தின் அடர்த்தியையும் தனியே கூட்டவோ குறைக்கவோ முடியும். கறுப்பு ஆழமாக விழும். இந்தச் சாயம் எளிதில் மங்காது; அக்காலத்துச் சாதாரண வண்ணப் பிரிண்டுகள் சில ஆண்டுகளில் நீலமும் பச்சையும் வெளிறி, முழுவதும் செம்மை படர்ந்து நின்றதை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

1970களின் நடுவிலேயே அமெரிக்காவில் டெக்னிகலர் நிறுவனம் இந்த முறையைக் கைவிட்டுவிட்டது. ரோமில் இன்னும் சில ஆண்டுகள் நீடித்தது. அந்த இறுதிக் காலத்தில் அச்சான படங்களில் ஒன்று 'சஸ்பீரியா'. வால்ட் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' (1937) படத்தின் நிறங்களே தனக்கு முன்மாதிரி என்று அர்ஜெந்தோ சொல்லியிருக்கிறார். அந்த நிறங்களை எட்டுவதற்கு இம்முறையே வழி என்று அவரும் தோவோலியும் கண்டார்கள்.

அப்படியானால் படத்தின் நிறத்தில் ஒரு பகுதி நெகட்டிவில் இருக்கிறது. மறுபகுதி அச்சுக்கூடத்தில் பிறந்தது. நெகட்டிவை மட்டும் 4K தெளிவில் வருடி எடுத்தால் கிடைப்பது முடிவுபெறாத ஒரு படம். நெகட்டிவில் நுணுக்கம் இருக்கிறது, முடிந்த நிறம் இல்லை. பழைய பிரிண்டில் முடிந்த நிறம் இருக்கிறது. ஆனால் நுணுக்கம் ஒரு படி குறைவு, ஓடி ஓடித் தேய்ந்த கீறல்களும் உண்டு. இரண்டும் சான்றுகளே, எதுவும் தனியாக மூலம் ஆகாது. ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்களின் மரபில் வந்த நமக்கு இந்த நிலை புதிதன்று.

2. நிறமே கதை

தோவோலி இந்தப் படத்துக்கு வருமுன் இயல்பான ஒளியில் தேர்ந்தவராக அறியப்பட்டார். இயக்குநர் அந்தோனியோனியின் 'தி பேசஞ்சர்' (1975) அவர் படம்பிடித்ததுதான். 'சஸ்பீரியா'வில் அவர் முற்றிலும் வேறு வழியை எடுத்தார். வழக்கமான வண்ணத் தாள்களை விளக்குமேல் ஒட்டி நிறுத்திக்கொள்ளவில்லை. வெல்வெட் துணியையும் மெல்லிய தாளையும் பெரிய சட்டங்களில் கட்டி, அவற்றின் வழியே வலிமையான ஆர்க் விளக்குகளின் ஒளியைப் பாய்ச்சினார். அந்தச் சட்டங்களை நடிகர்களின் முகத்துக்கு மிக அருகே வைத்தார். அதனால் நிறம் முகத்தின்மேல் ஒரு பூச்சாக நிற்காமல் தோலுக்குள்ளிருந்து கசிவதுபோல் தோன்றுகிறது. விமான நிலையத்திலிருந்து சூசி வாடகைக் காரில் போகும் காட்சியைப் பாருங்கள். மழை வழியும் கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகத்தில் சிவப்பு ஏறுகிறது, நீலம் ஏறுகிறது. எந்தத் தெருவிளக்கிலிருந்து அந்த ஒளி வருகிறது என்று படம் சொல்வதில்லை.

இத்தகைய படத்தில் நிறம் சற்றே பிசகினாலும் அது அலங்காரத்தில் நேர்ந்த குறையாக முடிந்துவிடாது. ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். தொடக்கத்தில் ஓடிவரும் மாணவி கதவருகே கத்திய சொற்களில் 'இரகசியம்', 'ஐரிஸ்' என்ற இரண்டு மட்டுமே சூசியின் காதில் விழுந்தன. படத்தின் இறுதிப் பகுதியில், தலைமையாசிரியையின் அறைச் சுவரில் தீட்டிய ஐரிஸ் மலர்களைக் கண்டதும் மீதிச் சொற்கள் அவள் நினைவுக்கு வருகின்றன. மலர்கள் மூன்று, திருப்பவேண்டியது நீல மலரை. திருப்பியதும் இரகசியக் கதவு திறக்கிறது. கொலைப் புதிரின் திறவுகோலே ஒரு நிறம். நீலம் சாம்பலாக மங்கிய பிரதியில் சூசி தேடும் மலர் எதுவென்று பார்வையாளருக்கு விளங்காது. நீலத்தைப் பளீரென்று ஏற்றிவிட்ட பிரதியிலோ, அவள் தேடத் தொடங்குமுன்பே நம் கண் அதைப் பிடித்துவிடும். சரியான அளவு இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. அந்த இடத்தைத் தீர்மானிப்பது நிறத்திருத்தம் செய்பவரின் கை.

இது வெறும் ஊகக் கவலை அல்ல. சினாப்ஸ் வட்டுக்கு முன்பு ஐரோப்பாவில் வெளிவந்த ஓர் உயர்தெளிவுப் பதிப்பில் நிறமும் ஒளி வேறுபாடும் மிதமிஞ்சி ஏற்றப்பட்டிருந்தன. முகங்களின் வெளிச்சப் பகுதி வெளுத்து, கன்னத்தின் வளைவே காணாமற்போனது. ஆனாலும் அதைப் பார்த்துப் "படம் எவ்வளவு வண்ணமயம்!" என்று வியந்தவர்கள் உண்டு. மீட்டெடுத்த வட்டில் சிவப்புச் சுவரின் சிவப்பு வேறு, அதன்முன் வழியும் இரத்தத்தின் சிவப்பு வேறு என்று தெளிவாகப் பிரிந்து நிற்கிறது. முதல் கொலை நடக்கும் அடுக்ககத்தின் சிவந்த முகப்புக்கூடத்தில் இந்த வேறுபாடு இல்லையென்றால் காட்சியின் வடிவமே குழம்பிவிடும்.

அப்படியானால் தோவோலி ஒப்பியதே முடிந்த முடிபா? இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. ஒளிப்பதிவாளரின் சாட்சியம் மிக உயர்ந்தது. ஆயினும் அது நாற்பதாண்டு கழித்து வரும் நினைவின் சாட்சியம். தோவோலியே இடைக்காலத்தில் மாறியவர். அந்தோனியோனியின் 'தி மிஸ்டரி ஆஃப் ஓபர்வால்ட்' (1980) படத்தில் வீடியோவில் நிறத்தை மின்னணு முறையில் மாற்றிப் பரிசோதித்தார். அர்ஜெந்தோவுடனே மீண்டும் சேர்ந்த 'டெனெப்ரே' (1982) படத்தில் நிழலே படாத வெள்ளை ஒளியைத் தேர்ந்தார். ஒரு கலைஞர் பழைய படைப்புக்குத் திரும்பும்போது, அன்று செய்ததையும் இன்று விரும்புவதையும் பிரித்துக்கொள்வது அவருக்கே கடினம்.

சினாப்ஸின் பணி நடந்த அதே காலத்தில் ஜெர்மனியின் டி.எல்.இ. ஃபிலிம்ஸ் நிறுவனமும் 'சஸ்பீரியா'வுக்கு ஒரு 4K மீட்டெடுப்பைச் செய்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நிறத்தில் வேறுபாடு தெரிகிறது. இதில் ஒன்று உண்மை, மற்றொன்று பொய் என்று தீர்ப்புச் சொல்ல நான் அவசரப்பட மாட்டேன். ஒரே நூலுக்கு இரண்டு பதிப்பாசிரியர்கள் கண்ட இரண்டு பாடங்கள் இவை. இரண்டும் கையில் இருப்பது ஆய்வாளருக்கு நன்மை.

3. ஒலிக்கும் பாடபேதம் உண்டு

மீட்டெடுப்பு என்றதும் நாம் கண்ணை மட்டுமே நினைக்கிறோம். 'சஸ்பீரியா'வின் பாதி பயம் காதில் இருக்கிறது. கோப்ளின் இசைக்குழு பின்னணி இசையின் பெரும்பகுதியைப் படப்பிடிப்புக்கு முன்பே உருவாக்கியது. அர்ஜெந்தோ அதைப் படப்பிடிப்புத் தளத்தில் உரக்க ஒலிக்கவிட்டு நடிகர்களை அந்த அதிர்வுக்குள் நிறுத்தினார். கிரேக்கத்துப் பூசூக்கியும் நம் நாட்டுத் தபலாவும் மூக் சின்தசைசரும் கிசுகிசுக் குரலும் அதில் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன.

படத்தின் முதல் நிமிடங்களைக் கவனியுங்கள். மியூனிக் விமான நிலையம். சூசி வெளியேறும் வாசலை நோக்கி நடக்கிறாள். தானியங்கிக் கதவு திறக்கும்போதெல்லாம் வெளியிலிருந்து புயற்காற்றோடு கோப்ளினின் இசையும் உள்ளே நுழைகிறது. கதவு மூடியதும் இசை அறுந்து, விமான நிலையத்தின் சாதாரண இரைச்சல் மட்டும் மிஞ்சுகிறது. மீண்டும் திறக்கிறது, மீண்டும் இசை. கடைசியில் கேமரா அந்தக் கதவின் இயந்திரப் பகுதியையே அண்மைக் காட்சியாகக் காட்டுகிறது. இசை வெளியுலகத்தில் இருக்கிறது, சூசி அதற்குள் போகப்போகிறாள் என்பதை ஒரு சொல்கூட இல்லாமல் சொல்லிவிடுகிறார் இயக்குநர். இங்கே ஒலி வரும் திசையும் அளவும் அறுபடும் நொடியும்தான் கதை.

1977இல் இந்த ஒலி நான்கு தடங்களாகக் கலக்கப்பட்டது: இடம், நடு, வலம், அரங்கின் பின்புறம். பிறகு வந்த வீடியோ பதிப்புகள் அதை மாற்றிக்கொண்டே போயின. 2001இல் அமெரிக்காவில் ஆங்கர் பே வெளியிட்ட டிவிடியில், நவீன வீட்டு அரங்குகளுக்கு ஏற்ப மேலும் பல தடங்களாக விரித்த புதிய கலவைகள் இடம்பெற்றன. சினாப்ஸ் செய்த மிக முக்கியமான பணி, அந்தப் பழைய நான்கு தட ஆங்கிலக் கலவையைத் தேடி மீட்டு வட்டில் சேர்த்ததே என்பேன். 4K வட்டில் புதிய டால்பி அட்மாஸ் கலவையும் இருக்கிறது, பழைய நான்கு தடமும் இருக்கிறது. புதியதைத் தந்தாலும் பழையதை நீக்கவில்லை. இது நல்ல பதிப்பாசிரியரின் பண்பு.

மொழி விஷயத்திலும் ஒரு நுட்பம் உண்டு. அக்கால இத்தாலியப் படங்களில் வசனத்தைப் பின்னர் டப்பிங் செய்வதே வழக்கம். 'சஸ்பீரியா'வில் நடிகர்கள் பலரும் தத்தம் மொழியில் பேசினார்கள். குரல்கள் எல்லாம் பின்னால் சேர்க்கப்பட்டன. ஆகவே "இத்தாலிய ஒலியே மூலம், ஆங்கிலம் மொழிபெயர்ப்பு" என்று சொல்ல வழியில்லை. ஜெசிகா ஹார்ப்பரின் உதடு ஆங்கிலத்தில் அசைகிறது. இத்தாலியத் தடத்தின் தொடக்கத்தில் கதை சொல்லும் குரலோ அர்ஜெந்தோவுடையது. இரண்டு தடங்களும் சம உரிமையுள்ளவை. இரண்டையும் தராத வட்டு குறைப்பதிப்பு.

4. வெட்டும் சேர்ப்பும்

'சஸ்பீரியா'வின் முழு நீளம் ஏறத்தாழ 98 நிமிடம். 1977இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது தணிக்கைத் தரச்சான்றுக்காகச் சில நிமிடங்கள் வெட்டப்பட்டன. ஒரு தலைமுறை அமெரிக்க ரசிகர்கள் பார்த்தது அந்த வெட்டுப்பட்ட படத்தைத்தான். வெட்டிய காட்சிகளை மீண்டும் சேர்ப்பது எளிதாகத் தீர்மானிக்கக்கூடிய விஷயம். இயக்குநர் வைத்ததை வெளியார் வெட்டினார்கள், திரும்ப வைக்கிறோம்.

எல்லா வெட்டும் இப்படித் தெளிவாக இராது. 'டீப் ரெட்' படத்தின் இத்தாலிய வடிவம் 127 நிமிடம். வெளிநாடுகளுக்கென்று தயாரித்த ஆங்கில வடிவம் ஏறத்தாழ 105 நிமிடம். இருபது நிமிடத்துக்கு மேற்பட்ட வேறுபாடு. நடிகர்கள் டேவிட் ஹெம்மிங்ஸும் தாரியா நிக்கோலோடியும் வரும் சீண்டலும் நகைச்சுவையுமான காட்சிகள் பெருமளவு ஆங்கில வடிவத்தில் இல்லை. அந்தப் பகுதிகளுக்கு ஆங்கில ஒலியும் கிடையாது. அதனால் நீள வடிவத்தை ஆங்கிலத் தடத்தில் பார்த்தால், ஆங்கிலம் பேசிக்கொண்டிருக்கும் பாத்திரங்கள் திடீரென்று இத்தாலிய மொழிக்கு மாறி, சிறிது நேரத்தில் மீண்டும் ஆங்கிலத்துக்கு வருவார்கள்.

முதன்முறை பார்ப்பவருக்கு இது இடறலாகத்தான் இருக்கும். ஆனால் இந்த இடறலை மறைக்கப் புதிய நடிகர்களை வைத்து விடுபட்ட ஆங்கில வசனத்தை இன்று பதிவு செய்தால், 1975இல் இல்லாத ஒன்றை 1975இன் பெயரால் தந்தவர்களாவோம். மாறுகிற மொழி, எங்கே வெட்டு விழுந்தது என்பதை நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. 'டீப் ரெட்' படத்தின் நல்ல பதிப்புகள் இரண்டு வடிவங்களையும் தனித்தனியே தருகின்றன. நீள வடிவத்தில் அது இரண்டு மனிதர்களின் உறவையும் சொல்லும் படம்; குறுகிய வடிவத்தில் கொலையை மட்டும் துரத்தும் படம். இரண்டையும் பார்த்தவருக்கே அர்ஜெந்தோ எதைப் பெரிதாக நினைத்தார், சந்தை எதைப் பெரிதாக நினைத்தது என்பது விளங்கும்.

5. துடைப்பதற்கும் ஓர் எல்லை

98 நிமிடப் படத்தில், நொடிக்கு 24 வீதம், ஏறத்தாழ 1,41,000 சட்டகங்கள். ஒவ்வொன்றிலும் தூசு, கீறல், ஒட்டுப்போட்ட தடம், அதிர்வு இருக்கக்கூடும். கணினி பெரும்பகுதியைத் துடைக்கும். மீதியை மனிதக் கண் பார்த்துத் துடைக்கவேண்டும். கணினியிடம் முழுவதையும் ஒப்படைத்தால் என்ன ஆகும்? அதற்கு மழைத்துளியும் கீறலும் ஒன்றுதான். மழையிலேயே தொடங்கும் 'சஸ்பீரியா'வுக்கு அது எத்தனை ஆபத்து என்பதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது குறுமணி. ஃபிலிமில் உருவம் என்பதே நுண்ணிய மணிகளால் ஆனது. அந்தத் துடிப்பை 'இரைச்சல்' என்று எண்ணி வழித்துவிடுகிற பதிப்புகள் உண்டு. அவற்றில் முகங்கள் மெழுகுப் பொம்மையாகிவிடும். குறுமணியை எடுக்கும்போது அதோடு தோலின் நுணுக்கமும் துணியின் நெசவும் போய்விடுகின்றன.

இந்த எல்லை எங்கே என்று சிந்திப்பதற்கு இத்தாலியே நமக்கு ஒரு பெரிய ஆசானைத் தந்திருக்கிறது. ரோமில் 1939இல் நிறுவப்பட்ட மத்திய மீட்டெடுப்பு நிறுவனத்தின் முதல் இயக்குநரான செசாரே பிராந்தி, 1963இல் 'மீட்டெடுப்புக் கோட்பாடு' என்ற நூலை வெளியிட்டார். படைப்புக்கு அழகு என்று ஓர் உரிமை உண்டு, வரலாறு என்று ஓர் உரிமை உண்டு. ஒன்றுக்காக மற்றொன்றை அழிக்கக்கூடாது என்பது அவர் நிலைப்பாட்டின் சாரம். ஓவியத்தில் உதிர்ந்த இடத்தை நிரப்ப அவருடைய நிறுவனம் கண்ட வழி மிக நேர்மையானது. உதிர்ந்த இடத்தில் மெல்லிய செங்குத்துக் கோடுகளாக வண்ணம் இடுவார்கள். தள்ளி நின்று பார்த்தால் ஓவியம் முழுமையாகத் தெரியும். கிட்டே போனால் இது பிற்காலத்தவர் கை என்று கோடுகள் சொல்லிவிடும்.

திரைப்பட மீட்டெடுப்பில் அப்படிக் கோடு போட முடியாது. மாற்றிய சட்டகம் மாற்றாத சட்டகத்தோடு கலந்து ஓடிவிடும். எது யார் கை என்று பார்வையாளர் அறிய வழியில்லை. ஆகவே பிராந்தி ஓவியத்தின் மேலேயே எழுதச் சொன்னதை, நாம் வட்டோடு வரும் குறிப்பில் எழுதவேண்டும். கம்பி ஒன்று தெரிந்ததா, அதை அழித்தோமா? சிதைந்த சட்டகத்துக்குப் பக்கத்துச் சட்டகத்தை இட்டு நிரப்பினோமா? சொல்லிவிடவேண்டும். சொன்னால் அது பதிப்பு, மறைத்தால் திரிப்பு.

6. வீடு என்னும் அரங்கு

"திரையரங்குக்கென்று எடுத்த படத்துக்கு வீட்டு வட்டை ஏன் இத்தனை பெரிதாகப் பேசவேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். இத்தாலியத் திகில் படங்களின் வரலாற்றில் வீட்டு வீடியோ ஓர் ஓரக் குறிப்பு அல்ல. பிற நாடுகளில் இப்படங்களைத் திரையரங்கு விரைவில் கைவிட்டது; உயிரோடு வைத்திருந்தது வீடியோ நாடாதான். அதிலும் அவை பட்ட பாடு கொஞ்சமன்று. 1980களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வீடியோ படங்கள்மீது எழுந்த ஒழுக்கப் பீதியில், வழக்குத் தொடரப்பட்ட படங்களின் வரிசையில் 'டெனெப்ரே'யும் இருந்தது. 1984இல் வீடியோ பதிவுகளுக்கென்று தனிச் சட்டமே வந்தது. தொலைக்காட்சிப் பெட்டியின் சதுரத்துக்குள் அடக்குவதற்காக 2.35:1 அகலப் படங்களின் பரப்பில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் இரு பக்கமும் வெட்டப்பட்டது. 'சஸ்பீரியா'வைப் போல் ஓரங்களில் அச்சத்தை ஒளித்துவைக்கும் படத்துக்கு அது பேரிழப்பு.

நான் வகுப்பில் அத்தகைய மங்கிய, பக்கம் வெட்டிய பிரதியைக் காட்டிய காலம் உண்டு. "இதை ஏன் சார் கொண்டாடுகிறார்கள்?" என்று மாணவர்கள் கேட்பார்கள், கேட்பது நியாயமாகவே இருக்கும். மீட்டெடுத்த வட்டைக் காட்டத் தொடங்கியபின் அந்தக் கேள்வி எழவில்லை. நடனப் பள்ளியின் கதவுக் கைப்பிடிகள் ஏன் இவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று கேட்கிறார்கள். அர்ஜெந்தோ முதலில் சிறுமிகளை வைத்தே எடுக்க எண்ணியிருந்தார். வளர்ந்த பெண்களை நடிக்கவைத்தபோது அவர்களைக் குழந்தைகளாகத் தோன்றச்செய்யவே கைப்பிடிகளை உயர்த்தினார். கண் முழுமையாகக் கிடைத்ததும் கேள்வியும் ஆழமாகிறது.

வீட்டுப் பார்வையாளருக்கு அரங்கில் இல்லாத ஓர் அதிகாரமும் கிடைக்கிறது: நிறுத்திப் பார்ப்பது. 'டீப் ரெட்' படத்தில் கொலை நடந்த வீட்டின் நடைக்கூடத்தை நாயகன் கடக்கிறான். சுவரெங்கும் விநோத முகங்கள் தீட்டிய ஓவியங்கள். கொலையாளியின் முகம் அந்தக் காட்சியிலேயே ஒரு கணம் தெரிகிறது. எப்படி என்பதை, இன்னும் பார்க்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன். மங்கிய நாடாவில் அந்தக் கணம் வெறும் நிழல். அதனால் இறுதியில் உண்மை தெரியும்போது இயக்குநர் நம்மை ஏமாற்றிவிட்டார் என்று தோன்றும். கூர்மையான வட்டில் பின்னோக்கி ஓட்டி நிறுத்தினால் முகம் அங்கே இருக்கிறது. ஏமாற்றவில்லை, காட்டினார், நாம் தவறவிட்டோம். இயக்குநரின் நேர்மையை நிரூபிக்கும் சான்றை மீட்டெடுப்பே நம் கையில் கொடுக்கிறது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. ஒரு சட்டகத்தை 4K முழு அளவில் வருடி எடுத்தால் சுமார் 50 மெகாபைட் வரும். 'சஸ்பீரியா' நீளப் படத்துக்கு மொத்தம் 7 டெராபைட் அளவு. நம் வீட்டுக்கு வரும் 4K வட்டின் கொள்ளளவு 100 ஜிகாபைட்டுக்கு மேல் போவதில்லை. ஏறத்தாழ எழுபதில் ஒரு பங்காகவோ அதற்கும் குறைவாகவோ சுருக்கிய வடிவமே நம் கையில் இருக்கிறது. ஆகவே வட்டு வெளியானதும் நெகட்டிவைப் பாதுகாப்பது முடிந்த வேலை என்று யாரும் எண்ணக்கூடாது. ஏட்டைப் பதிப்பித்த பிறகும் ஏட்டைக் காக்கவேண்டும். நாளை இன்னும் நல்ல கருவியும் இன்னும் தெளிந்த அறிவும் கொண்ட ஒருவர் வந்து அதை மீண்டும் திறப்பார்.

முடிவுரை

அவையோரே, இந்த ஆறு கூறுகளிலிருந்தும் ஒரு நடைமுறைக் கோரிக்கை பிறக்கிறது. மீட்டெடுத்த படத்தை வெளியிடும் எவரும் ஐந்து செய்திகளை வட்டோடு எழுதித் தரவேண்டும். எந்தச் சுருளிலிருந்து எடுத்தீர்கள்? நிறத்துக்கும் ஒலிக்கும் எதை ஒப்பீட்டுச் சான்றாகக் கொண்டீர்கள்? ஐயம் வந்த இடத்தில் முடிவெடுத்தவர் யார்? எதை நீக்கினீர்கள், எதை நிரப்பினீர்கள்? ஏற்காமல் விட்ட பாடங்களை எங்கே பார்க்கலாம்? சினாப்ஸ் வட்டு இவற்றில் முதல் மூன்றுக்கும் பெரும்பாலும் விடை தருகிறது. பழைய ஒலிக்கலவையை உடன்வைத்ததால் ஐந்தாவதன் ஒரு பகுதிக்கும் விடை தருகிறது. ஒரு வணிக நிறுவனம் ஒரு திகில் படத்துக்கு இத்தனை பொறுப்போடு உழைத்திருக்கிறது என்பதை மனமாரப் பாராட்டுகிறேன்.

திகில் படம்தானே என்று ஒதுக்குவோருக்கும் ஒரு சொல். புகழ்பெற்ற செவ்வியல் படங்களுக்கு அரசும் ஆவணக் காப்பகமும் துணை நிற்கும். மலிவென்று ஒதுக்கப்பட்ட வகைப் படங்களின் சுருள்களே முதலில் குப்பைக்குப் போகின்றன. அவற்றை நேசித்தவர்கள் முன்வந்ததால்தான் 'சஸ்பீரியா' இன்று அதன் நிறத்தோடு நம்முன் நிற்கிறது.

இங்கே மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் உருவான உதய் சங்கரின் 'கல்பனா' (1948), இத்தாலியின் பொலோஞா நகரத்து லிம்மாஜினே ரித்ரோவாத்தா கூடத்தில் மீட்டெடுக்கப்பட்டு 2012இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. இந்தப் பணி நமக்கும் இத்தாலிக்கும் நடுவே ஏற்கெனவே நடந்திருக்கிறது. நம் ஊரில் இன்னும் நிறைய நடக்கவேண்டியிருக்கிறது. அதற்கு வேதியியலும் கணினியும் தெரிந்தவர்கள் வேண்டும். அவர்களோடு, இரண்டு பிரதிகளை அருகருகே வைத்து எந்தப் பாடம் சரி என்று காரணத்தோடு வாதிடத் தெரிந்தவர்களும் வேண்டும். தமிழ் படித்தவர்களுக்கு அந்தப் பயிற்சி பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அதைத் திரைப்படத்துக்கும் கொண்டுசெல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மீட்டெடுத்த படம் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், பார்த்து மகிழுங்கள். பிறகு இதைப் பதிப்பித்தவர் யார், எப்படிப் பதிப்பித்தார் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெருகும்போதுதான் நல்ல பதிப்புகளும் பெருகும்.